மாதம் ஒரு ஆக்டிவிட்டி பெட்டி: பொருள்கள் அருமை, அட்டைகள்தான் தொல்லை

மாதச் சந்தா கட்டினால் போதும், ஆக்டிவிட்டி பெட்டி வீடு தேடி வந்துவிடும், அதில் அந்த மாதத்துக்கு ஒரு தலைப்பு, அதற்கு வேண்டிய பொருள்கள், எந்த நாளில் எதைச் செய்வது என்று அச்சடித்த அட்டைகள் எல்லாம் இருக்கும், பிரித்து மேசையில் வைப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்று விளம்பரம் சொல்கிறது. பிறர் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற என்னைப் போன்றவர்களைக் குறிவைத்த விளம்பரம்தான் இது. ஒன்றரை வயதுப் பிள்ளையும் நாலரை வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் இருக்க, "இன்றைக்கு என்ன செய்யலாம்" என்று காலையில் யோசித்து யோசித்து அலுத்துப்போனவர்களுக்கு அது எவ்வளவு இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நானும் சந்தா கட்டினேன், பல பெட்டிகளைப் பிரித்துப் பயன்படுத்திவிட்டேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே வேலையில் இருக்கும் மற்றவர்கள் வாங்கும் பெட்டிகளையும் புரட்டிப் பார்த்தேன், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைதான், அட்டையின் நிறம் மட்டும் மாறுகிறது. அதனால் நான் சொல்வது உங்கள் கைக்கு வரும் பெட்டிக்கும் ஏறக்குறைய பொருந்தும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பொருள்கள் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. தாள் கெட்டியானது, தண்ணீர் வண்ணம் பட்டாலும் சுருண்டுகொள்ளாது. தூரிகைகள் குட்டையாகவும் பருமனாகவும் இருப்பதால் இரண்டு வயதுக் கைக்குச் சரியாக அடங்குகின்றன. பஞ்சு உருண்டைகள், ஃபெல்ட் துணித் துண்டுகள், மர கிளிப்புகள், பெரிய இடுக்கி, ஸ்டிக்கர் தாள்கள், கிரேயான்கள், இவற்றைத் தனித்தனியாகத் தேடி அலைந்து வாங்கினால் பாதி தரமில்லாமல் இருக்கும், மீதி பெரிய மூட்டையாகத்தான் கிடைக்கும். கிரேயான்களில் ஒரு நல்ல விஷயம், அவை கட்டை விரல் நீளம்தான். நீளமானதைக் கொடுத்தால் சின்னப் பிள்ளை முஷ்டியால் பிடிக்கும், குட்டையாக இருந்தால் முஷ்டிக்கு இடமில்லை, தானாகவே விரல் நுனியால் பிடித்துவிடும். இதை யோசித்து வைத்தவருக்கு ஒரு சபாஷ். பசைக்குச்சி மட்டும் வீண். இரண்டு வயதுக்காரர்கள் அதைத் திருகித் திருகி முழுசாக வெளியே எடுத்து, மேசையில் அழுத்தி ஒடித்துவிடுவார்கள், அதற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, திருகினால் மேலே வருகிற ஒரு பொருளை அந்த வயதில் யார்தான் பாதியில் நிறுத்துவார்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் வெள்ளைப் பசையும் ஒரு தூரிகையும் வைத்துவிடுங்கள், சச்சரவு தீர்ந்தது.

இனி அட்டைகள். ஒவ்வோர் அட்டையின் முன்பக்கத்திலும் செய்து முடித்த பொருளின் பளபளப்பான படம், பின்பக்கத்தில் ஆறேழு படிகள், அடியில் "நோக்கம்: நுண்தசைத் திறன், நிறம் அறிதல்" என்று பள்ளிக்கூட பாஷையில் ஒரு வரி. கடல் என்ற தலைப்பில் வந்த பெட்டியில் ஓர் ஆமை இருந்தது. காகிதத் தட்டின் முதுகில் பச்சைக் காகிதச் சதுரங்களை ஒட்டினால் ஓடு, நான்கு கால்களும் தலையும் பெரியவர் வெட்டித் தர வேண்டும். அதாவது ஆறு படிகளில் முதல் மூன்று என் வேலை. பிள்ளைகள் அந்த நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கச் சொல்வதிலேயே பாதி ஆர்வம் போய்விடும் என்பது இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் தெரியும், அட்டை எழுதியவருக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பெட்டியைப் பற்றிய என் கருத்து முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. நாலு வயதைத் தாண்டிய பெண்பிள்ளை ஒருத்தி படத்தைப் பார்த்தாள், சதுரங்களை மளமளவென்று வரிசையாக ஒட்டினாள், "முடிஞ்சிருச்சு அத்தை, போகட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டாள். படத்தில் இருக்கும் ஆமையைவிட அவள் ஆமை அழகு. பக்கத்தில் இரண்டரை வயதுப் பையன். அவன் பசைத் தூரிகையைத் தட்டில் வைக்கவே இல்லை, உள்ளங்கையில் தடவிக்கொண்டான். ஒரு பச்சைச் சதுரம் கையோடு ஒட்டிக்கொண்டது. கையை உதறினான், விழவில்லை. கையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான், அப்போதும் விழவில்லை. மற்றக் கையால் பிடுங்கினான், அது அந்தக் கையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து ஒரு சிரிப்பு. பிறகு அதே சதுரத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றி, நடுவில் மூக்கு நுனியில் ஒரு தடவை, மேசை விளிம்பில் ஒரு தடவை என்று ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். பசை காய்ந்து சதுரம் தானாக உதிர்ந்தபோது குனிந்து தரையைப் பார்த்தான், எழுந்து போகவில்லை, மறுபடி தூரிகையை எடுத்தான். அட்டையின் கணக்கில் இவன் ஆக்டிவிட்டியைச் செய்யவே இல்லை, ஓடு மொட்டையாக இருக்கிறது. என் கணக்கில் அன்றைக்கு மேசையில் பசை என்றால் என்னவென்று கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான். அவள் வெறுமனே ஒரு வேலையை முடித்துக் கொடுத்தாள்.

இதுதான் பெட்டி முழுக்க ஓடுகிற கோளாறு. அட்டை, கடைசியில் என்ன வர வேண்டும் என்பதிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. சின்னப் பிள்ளைக்குக் கடைசி என்று ஒன்று இல்லை, நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் திட்டம் போடும்போது எதை மேசையில் வைப்பது என்று மட்டும் திட்டமிட வேண்டும், அதிலிருந்து என்ன வெளியே வரும் என்பதை அவர்களிடம் விட்டுவிட வேண்டும். ஆமை அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, பசை, சதுரங்கள், காகிதத் தட்டு மூன்றையும் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் இரண்டு பிள்ளைகளுமே இன்னும் நெடுநேரம் அங்கேயே இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கம்பெனியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மாலையில் அழைத்துப் போக வரும் பெற்றோர் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி எனக்கும் உண்டு. "இன்றைக்கு என்ன செய்தான்?" என்று கேட்கும் அம்மாவிடம் "உள்ளங்கையில் காகிதம் ஒட்டினான்" என்று சொன்னால் காசு எதற்கு வாங்குகிறாய் என்பது போல ஒரு பார்வை வரலாம். ஆமையைக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிப் போவார்கள், அந்த ஆமையில் முக்கால்வாசி நான் ஒட்டியது என்பது அவர்களுக்கும் உள்ளூரத் தெரியும். நான் இப்போதெல்லாம் பிள்ளையின் கைகள் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு புகைப்படம் எடுத்து, அடியில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுகிறேன். "பசை எங்கெல்லாம் ஒட்டும் என்று பார்த்தான், மூக்கில் ஒட்டியது, மேசையில் ஒட்டியது, ஈரத்துணியில் ஒட்டவில்லை." இப்படி எழுதினால் ஆமையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இரவு வீட்டில் அதைப் பற்றிப் பேச அவர்களுக்கும் ஒரு விஷயம் கிடைக்கிறது.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் ஒரு கிறுக்கு பிடித்திருக்கும், கவனித்திருப்பீர்கள். சிலர் எதையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டே இருப்பார்கள். சிலர் எதையாவது துணியில் சுற்றி மூடுவார்கள். சிலர் எல்லாவற்றையும் மேலேயிருந்து கீழே போடுவார்கள், சிலருக்குச் சுழலுவது எதுவாக இருந்தாலும் போதும். இது குறும்பு இல்லை, ஒரு விதத்தில் பாடம். பிரிட்டனைச் சேர்ந்த கிறிஸ் ஏத்தி என்ற ஆய்வாளர், குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜேயின் சிந்தனையை ஒட்டி, திரும்பத் திரும்ப வரும் இந்த நடத்தைகளை ஸ்கீமா என்ற பெயரில் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார், மழலையர் கல்வி படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது. பெட்டியின் அட்டைகளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் பொருள்கள் இதற்கென்றே செய்தது போல இருக்கின்றன, அதுதான் வேடிக்கை. நிறம் பிரிக்கும் ஆட்டத்துக்காகப் பஞ்சு உருண்டைகள் வந்தன, சிவப்பை சிவப்புக் கிண்ணத்திலும் நீலத்தை நீலக் கிண்ணத்திலும் போட வேண்டும். என்னிடம் இருக்கும் ஒரு குட்டிப் பெண் எல்லா நிறத்தையும் ஒரே கிண்ணத்தில் அள்ளிப்போட்டு, கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்க் கொட்டிவிட்டு, வெறும் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். மறுபடியும் அதே. "நிறம் பிரிக்கலாமா?" என்று கேட்டால் நான் அந்த இடத்திலேயே இல்லாதது போலத் தாண்டிப் போனாள். அடுத்த நாள் பஞ்சு உருண்டைகளோடு கைப்பிடி உள்ள ஒரு சின்ன வாளி, ஒரு துணிப்பை, மூடி போட்ட ஒரு டப்பா மூன்றையும் அறையின் மூன்று மூலைகளில் வைத்தேன், அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. காலைப் பொழுது முழுக்க அவள் ஓயவில்லை. போதாக்குறைக்கு இன்னும் இரண்டு பேர் சுமைதூக்க வந்து சேர்ந்துகொண்டார்கள். நிறம் பிரிப்பது? நான் கேட்காமலே ஒருநாள் "மஞ்சள் மட்டும் பையில" என்று அவளே சொன்னாள்.

ஆகவே அட்டையைப் பார்த்துப் பிள்ளைக்கு ஆக்டிவிட்டி தேடாதீர்கள், பிள்ளைக்கு இப்போது என்ன கிறுக்கு என்று பார்த்துப் பெட்டிக்குள் பொருள் தேடுங்கள். போடுகிற பிள்ளைக்குக் காகிதக் குழாயைச் சுவரில் பேப்பர் டேப்பால் சாய்வாக ஒட்டிக் கொடுத்தால் பஞ்சு உருண்டை உருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். சுற்றுகிற பிள்ளைக்கு ஃபெல்ட் துணி. பேப்பர் டேப் ஒன்றுக்காகவே இந்தப் பெட்டியை மன்னிக்கலாம் போலிருக்கிறது. பொம்மைக் கார்களைத் தரையில் டேப்பால் ஒட்டி வைத்து "காப்பாத்துங்க" என்று சொல்லிவிட்டால், நகத்தால் நுனியைச் சுரண்டித் தேடி, உரித்து, கிழித்து, கார் விடுதலையாகும்வரை ஒரு பேச்சு வராது. நுண்தசைத் திறன், நுண்தசைத் திறன் என்று அட்டையில் எழுதுகிறார்களே, அது இதுதான்.

அளவு பற்றி ஒன்று. பெட்டியைப் பிரித்ததும் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அழகாகப் பரப்பி வைக்கச் சொல்கிறது முதல் அட்டை, "கண்ணைக் கவரும் வகையில்" என்று. செய்யாதீர்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 18 மாதத்திலிருந்து 30 மாதம் வரையிலான குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018ல் வெளியிட்டார்கள். ஒரு தடவை 4 பொம்மைகள், இன்னொரு தடவை 16 பொம்மைகள். 4 மட்டும் இருந்தபோதுதான் குழந்தைகள் ஒவ்வொன்றையும் அதிக நேரம் வைத்திருந்தார்கள், அதையே விதவிதமாகவும் விளையாடினார்கள். இந்த வேலையில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பத்துப் பொருள் மேசையில் இருந்தால் பிள்ளை பத்தையும் தொட்டுவிட்டு நகர்ந்துவிடும். பெட்டி வந்த அன்றே பாதியை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுங்கள், இரண்டு மூன்று பொருளுக்கு மேல் ஒரு வேளைக்கு வெளியே வர வேண்டாம்.

அப்புறம் "1 முதல் 5 வயதுவரை, எல்லோரும் சேர்ந்து" என்று பெட்டியின் மேலேயே அச்சடித்திருப்பது. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ஒரே பெரிய தாளில் எல்லோரும் சேர்ந்து ஒரு வானவில் வரைவது என்று ஓர் அட்டை. குழந்தைகள் ஒருவரோடொருவர் எப்படிச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்று மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் 1932லேயே வகைப்படுத்தி எழுதியிருக்கிறார். தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது, கொஞ்சம் கொடுத்து வாங்கி விளையாடுவது, கடைசியில்தான் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து விளையாடுவது. இரண்டு வயதுக்காரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துப் பக்கத்து ஆட்டத்தில் இருப்பவர்கள். அவர்களை ஒரே வானவில்லில் கூட்டணி சேர்த்தால் என்ன ஆகும்? பெரியவள் கவனமாகப் போட்ட சிவப்பு வளைவின் மேல் சின்னவன் முழங்கைவரை நீலத்தோடு வந்து நிற்பான். அவள் அழுவாள், அவனுக்கு எதற்கு அழுகிறாள் என்று புரியாது. ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு தாள், ஆனால் ஒரே மேசை. இப்படி வைத்தால் சின்னவர்கள் பெரியவர்களை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள், அதற்கே அவ்வளவு நேரம் உட்காருவார்கள்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு இந்தப் பெட்டியில் எதுவுமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதைவிடச் சின்னதாக, இன்னும் தவழாமல் உட்கார மட்டும் பழகிய குழந்தைக்கு, மழலையர் கல்வியாளர் எலினோர் கோல்ட்ஷ்மீட் சொன்ன கூடையை மிஞ்சிய ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. கவிழாத ஒரு தாழ்வான கூடை, அதில் மரக்கரண்டி, உலோக மூடி, கெட்டித் துணி, பெரிய மர வளையம் என்று பிளாஸ்டிக் அல்லாத சாமான்கள், பெரியவர் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாமே வீட்டில் இருப்பது, இதற்குச் சந்தா எதுவும் வேண்டாம்.

ஸ்டிக்கர் விளக்கப்படம் என்று ஒன்று ஒவ்வொரு பெட்டியிலும் வருகிறது. ஆக்டிவிட்டியை முடித்தால் ஒரு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் சேர்ந்தால் ஒரு சான்றிதழ். இதைத் தயவுசெய்து சுவரில் மாட்டாதீர்கள். 1973ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, சிலரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சிலருக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள், சிலருக்குப் பரிசே இல்லை. சில நாள் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்களாம். அதற்கு முன்பு அவர்களுக்கும் வரைவது பிடித்துத்தான் இருந்தது! ஆர்வத்தை வளர்க்கிறோம் என்று விற்கிற ஒரு பெட்டிக்குள் ஆர்வத்தைக் கொல்கிற காகிதத்தை மடித்து வைத்திருக்கிறார்கள். நட்சத்திர ஸ்டிக்கர்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாளிலிருந்து ஸ்டிக்கரை உரிப்பது ஒன்றே இரண்டு வயதுக்காரருக்குப் பெரிய வேலை. சுற்றியுள்ள வெள்ளைத் தாளை முதலிலேயே உரித்து எடுத்துவிட்டுக் கொடுத்தால் விளிம்பு பிடிபடும், எரிச்சல் வராது.

அட்டையில் பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. "இது என்ன நிறம்? எத்தனை கால்?" ஒன்றில் ஆழ்ந்திருக்கும் பிள்ளையிடம் தேர்வு வைத்தால் எழுந்து போய்விடும். நான் எதுவும் கேட்பதில்லை, நடப்பதை மட்டும் சொல்வேன், "ஓ, கையிலேயே ஒட்டிக்கிச்சே" என்று. பதில் வந்தால் பேச்சு தொடரும், வராவிட்டால் பிள்ளை வேலையில் இருக்கிறது என்று அர்த்தம்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கான பொம்மைகளைச் சோதிக்க ஒரு சின்ன உருளை பயன்படுத்துகிறார்கள், அதன் உள் விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் முழுசாக அடங்கிவிடும் பொருள் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது, தொண்டையில் சிக்கும். எனக்கு வந்த பெட்டிகளில் ஒட்டுகிற பொம்மைக் கண்கள், சின்ன மணிகள், சில பஞ்சு உருண்டைகள்கூட அந்த அளவுக்குள் அடங்குபவை. மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம் என்ற அந்தச் சிவப்பு வட்டக் குறி உள்ளே இருக்கும் பொட்டலத்தில் பொடியாக இருக்கிறது, ஆனால் பெட்டியின் மேல் "1 முதல் 5". இரண்டும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்தும் என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன், "பெரியவர் மேற்பார்வையில்" என்று பதில் வந்தது. ஐந்து பிள்ளைகள் இருக்கும் அறையில் மேற்பார்வை என்பது ஒரே சமயத்தில் ஐந்து வாயையும் பார்ப்பது. எங்கள் வழி, கழிப்பறைக் காகிதச் சுருளின் வெறும் குழாய் வழியாகப் போகிற எதுவும் சின்னவர்கள் இருக்கும்போது அலமாரியைவிட்டு வெளியே வராது என்பது. அந்தக் குழாய் சோதனை உருளையைவிடக் கொஞ்சம் அகலம், அதனால் கூடுதல் எச்சரிக்கைதான். ஒரு பெட்டியில் தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண மணிகள் வந்தன. அவற்றைப் பிரிக்கவே இல்லை, நேராகக் குப்பைக்குப் போட்டேன். விழுங்கிவிட்டால் வயிற்றுக்குள் ஊதிப் பெருத்துக் குடலை அடைக்கும், எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது. தண்ணீர்த் தொட்டி ஆக்டிவிட்டிகளும் அப்படியே, சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும் சின்னக் குழந்தைக்கு ஆபத்து, அதனால் ஆட்டம் முடிந்த அடுத்த நொடி தொட்டி காலியாக வேண்டும், இந்த வரி அட்டையில் கட்டாயம் இருந்திருக்க வேண்டும், இல்லை.

சரி, பெட்டியில் என்ன இருந்தாலும் பிள்ளை மேசைக்கு வந்தால்தானே. "வாங்க வாங்க, எல்லாரும் வாங்க, இன்னைக்கு என்ன செய்யப்போறோம் தெரியுமா" என்று கைதட்டி அழைக்கச் சொல்கிறது அட்டை. கட்டைகளில் மும்முரமாக இருக்கும் பிள்ளையை அப்படிப் பிடுங்கிக்கொண்டு வந்தால் மனசு கட்டையிலேயே இருக்கும். யாரையும் கூப்பிடாமல் நானே போய் உட்கார்ந்து, தூரிகையை எடுத்து, மெதுவாக எதையாவது செய்துகொண்டிருப்பேன். அவர்களைப் பார்க்கக்கூட மாட்டேன். ஒருத்தி வருவாள், எட்டிப் பார்ப்பாள், "நானு" என்பாள். ஒருத்தி வந்தால் போதும். வராத பிள்ளை வரவில்லை என்றால் வேண்டாம், மாலையில் மேசையில் யாரும் இல்லாதபோது வந்து உட்காருகிற பிள்ளைகளும் உண்டு, அதனால் பொருள்களைச் சீக்கிரம் எடுத்து அடுக்கிவிடாதீர்கள். தூக்கம் வருகிற நேரத்தில் எந்த அட்டையும் வேலைக்கு ஆகாது, அப்போது தண்ணீரும் ஊற்றுகிற குவளைகளும் மட்டும்தான்.

என் பெரிய புகார் ஒன்று மீதி இருக்கிறது. பெட்டியில் எதுவும் இரண்டாம் தடவை வருவதில்லை. திங்கள் ஆமை, செவ்வாய் மீன், புதன் நண்டு. பெரியவர்களுக்குத்தான் தினம் புதுசு வேண்டும், சலித்துப்போவது நாம்தான். பிள்ளை நேற்று செய்ததையே இன்றும் கேட்கும், நாளையும் கேட்கும், முதல் நாள் பயந்து தொடாமல் நின்ற பிள்ளை மூன்றாம் நாள்தான் கையை நீட்டும். அந்த மூன்றாம் நாளுக்குள் அட்டை நண்டுக்குப் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு எதுவுமே கிடைக்கவில்லை. ஒரே ஆக்டிவிட்டியை வாரம் முழுக்க மேசையில் வைத்து, தினம் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றினால், தூரிகைக்குப் பதில் ஸ்பாஞ்ச், மறுநாள் மேசைக்குப் பதில் தரை, என்று செய்தால், ஒரு மாதப் பெட்டி சுலபமாக மூன்று மாதத்துக்கு வருகிறது. இதைக் கம்பெனி சொல்லாது, ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சேவையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சில மாதங்களில் பெட்டி தாமதமாக வந்தது, ஒருமுறை ஒரு வண்ண டப்பா உடைந்து மற்றதெல்லாம் ஊதாவாக வந்தது, படம் எடுத்து அனுப்பியதும் வாதாடாமல் மாற்றித் தந்தார்கள். சந்தாவை நிறுத்தி வைக்கும் வசதி செயலியில் உண்டு, ஆனால் அதை மூன்று திரைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அடுத்த பெட்டிக்கான பணம் எடுக்கும் தேதிக்கு முன்பே நிறுத்த வேண்டும், தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் வரும் காணொளிகளை நான் பார்ப்பதில்லை, எல்லாவற்றிலும் ஒரே ஒரு பிள்ளை, சுத்தமான மேசை, அழகான வெளிச்சம்.

யார் வாங்கலாம்? இந்த வேலையைப் புதிதாகத் தொடங்கியவர்கள் வாங்கலாம், அலமாரியில் ஒன்றும் இல்லாதபோது சில மாதத்தில் நல்ல சேமிப்பு சேர்ந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் மூன்றரை, நாலு வயதைத் தாண்டியவர்கள் என்றாலும் அட்டைகளில் சில உருப்படியானவை, முக்கியமாக நிழல் வரைவதும் இடுக்கியால் எடுப்பதும். கைக்குழந்தையும் இருக்கும் வீடு என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன், பிரித்துப் பிரித்து ஒளித்து வைப்பதிலேயே பொழுது போகும். அலமாரி ஏற்கெனவே நிறைந்தவர்களுக்கும் வேண்டாம். ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அந்த மூன்றும் தாளுக்கும் தூரிகைக்கும் பேப்பர் டேப்புக்கும்.

வாங்குவதாக இருந்தால் ஒரு தகவல். கணக்குப் பக்கத்தின் அடியில் "அட்டைகள் இல்லாமல், பொருள்கள் மட்டும்" என்று ஒரு தேர்வு இருக்கிறது, விளம்பரத்தில் எங்கும் காட்டமாட்டார்கள், விலையும் குறைவு. நான் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைத்தான் வரவழைக்கிறேன்.